பிதுக்கும் இயந்திரமும் மூன்று படி மொச்சையும்

ஏற்காட்டில் எஞ்ஜினீயர் என்றால் அது தேவசிகாமணிதான். ஊரில் வேறு எஞ்ஜினீயரே இல்லை என்பதல்ல. மற்றவர்கள் யாரும் அதை வாசல் கதவிலும், குடைப்பிடியிலும், பால் வாங்கும் தூக்குப்போசியிலும் எழுதி வைக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் சமவெளியில் நாற்பத்தொரு சிறுபாலங்கள் கட்டியவர். நாற்பத்தொன்றும் இன்றுவரை நிற்கின்றன. ஒன்றிரண்டின் அடியில்தான் வாய்க்கால் இல்லை. ஓய்வு பெற்றதும் ஏரிக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டை வாங்கிக்கொண்டு, மனைவி காமாட்சியோடு மலைக்குக் குடிவந்தார். வந்த நாள் முதலாகக் கட்டுவதற்குப் பாலம் கிடைக்காமல் அவருக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது.

எண்பத்து நான்காம் வருஷம், பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சேலத்திலிருந்து மகள் சாந்தியின் ட்ரங்க் கால் வந்தது. போன் இருந்தது அவர்கள் வீட்டில் அல்ல, பக்கத்து மளிகைக் கடை கோவிந்தராஜிடம். ஆகவே செய்தி காமாட்சிக்கும் கோவிந்தராஜுக்கும் கடையில் புளி நிறுத்து வாங்கிக்கொண்டிருந்த இருவருக்கும் ஒரே நேரத்தில் கிடைத்தது.

சாந்திக்கு நான்காம் மாசம். மசக்கை. மற்றவர்களுக்கு மூன்றாம் மாசத்தோடு ஓய்ந்துவிடுவது இவளுக்கு அப்போதுதான் சூடு பிடித்தது. இருபத்தாறு நாளாக எதுவும் வயிற்றில் தங்கவில்லை. கஞ்சி வெளியே வந்தது, இளநீர் வெளியே வந்தது, வெறும் தண்ணீர்கூட வந்த வழியே திரும்பியது. ஐந்து கிலோ இறங்கிவிட்டாள். இந்த வாரமும் இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசிவழியாகத்தான் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், குழந்தைக்கும் நல்லதில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

"என்ன கண்ணு வேணும்? எதக் கேட்டாலும் செய்யறேன்" என்றாள் காமாட்சி.

போன் இரைச்சலுக்கு நடுவில் சாந்தியின் குரல் வந்தது.

"பிதுக்கம்பருப்புக் குழம்பும்மா. சாமைச் சோத்துல. அது ஒண்ணத்தான் நெனச்சா வாந்தி வரமாட்டேங்குது. திங்கக்கிழமை பஸ்ல வந்தர்றேன். இந்த வீட்டுத் தாளிப்பு வாசமே எனக்கு ஆகல."

நினைத்துப் பார்த்தாலும் குமட்டாத பொருள் ஒன்று உலகத்தில் மிச்சமிருக்கிறது என்று கேட்டதும் காமாட்சி போனைக் கையில் பிடித்தபடியே அழுதாள். கோவிந்தராஜ் நாசூக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டார். காதைத் திருப்பவில்லை.

பிதுக்கம்பருப்பு தெரியாதவர்கள் உண்டு. அவர்களுக்காக: பனிக்காலத்தில் மொச்சை காய்க்கும். காயை உரித்துக் கொட்டையை எடுத்து, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காலையில் ஒவ்வொரு கொட்டையாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு பிதுக்கு. தோல் கையில் நிற்கும். உள்ளே இருக்கும் பருப்பு இரண்டாகப் பிளந்து பாத்திரத்தில் விழும். படிக்கு ஆயிரத்து ஐந்நூறு கொட்டைக்குக் குறையாது. அவ்வளவையும் ஒவ்வொன்றாக. குறுக்கு வழி கிடையாது. அந்தக் குழம்பைச் சாப்பிடுவதற்குக் கால் மணி நேரம் ஆகும்.

காமாட்சிக்குக் கார்த்திகைக் குளிர் தொடங்கியதிலிருந்தே வலது கட்டைவிரல் கணுவில் வீக்கம். கரண்டியை அழுத்திப் பிடிக்க முடியாது. கூடமாட உட்கார்ந்து பிதுக்க அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிடலாமென்றால், காப்பிப்பழம் பழுக்கிற மாசம். பத்து விரல் உள்ள அத்தனை பேரும் எஸ்டேட்டில் இருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் எஞ்ஜினீயர் களத்தில் இறங்கினார்.

"உன் விரல் மேல படாம, மூணு படி மொச்சையை எட்டே நிமிஷத்துல பிதுக்கிக் காட்டறேன்" என்று மனைவியிடம் சொன்னார். சொன்னபோது குரல் கொஞ்சம் கரகரத்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கரகரப்பு அன்று மாலையே சரியாகி, அதன் இடத்தில் வழக்கமான முழக்கம் வந்துவிட்டது.

ஏதோ ஓர் ஆபீஸ் ஏலத்தில் எப்போதோ எடுத்த பழைய தட்டச்சு இயந்திரத்திலிருந்து ரப்பர் உருளை ஒன்று, இன்னொரு தட்டச்சிலிருந்து இன்னொன்று. இரண்டையும் மரச் சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினார். தையல் மிஷினின் கைச்சக்கரம் பக்கவாட்டில். பால்மாவு டின்னின் அடியை வெட்டி மேலே கொட்டைபோடும் வாய். ஞாயிற்றுக்கிழமை காலை அதற்குப் பச்சை பெயிண்ட் அடித்து, வெள்ளையில் 'தேவா பிதுக்கி — மாடல் 1' என்று எழுதினார். மாடல் இரண்டு வரும் என்பதில் அவருக்கு இருந்த நம்பிக்கையைப் பாராட்டத்தான் வேண்டும்.

பெயிண்ட் காய்வதற்குள் இருவரும் சந்தைக்குப் போனார்கள்.

மார்கழிக் கடைசி ஞாயிறன்று ஏற்காட்டுச் சந்தையைப் பார்த்தவன் எவ்வளவு வாய்க்கொழுப்பு உள்ளவனானாலும் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொள்வான். பனி காலடியில் கிடக்கும். அதற்குள்ளிருந்து ஒவ்வொரு சாக்குவிரிப்பாகத் தலை காட்டும். முதலில் நிறம்தான் தெரியும், பிறகுதான் காய் தெரியும். தோல் சுருங்கிய கமலா ஆரஞ்சு, மண் காயாத கேரட், முள்ளங்கியோடு அதன் கீரையும், பச்சைப் பூண்டு, குழந்தைத் தலை மாதிரி சௌசௌ, கொடியிலிருந்து அப்போதுதான் உருவிய பச்சை மிளகு. ராத்திரி பெய்த பனியை ஒவ்வொன்றும் தன்மேல் போட்டுக்கொண்டு வந்திருக்கும். இவ்வளவும் மனிதர்கள் தலையில் சுமந்து, இருட்டோடு மலை ஏறி இறங்கிக் கொண்டுவந்தவை. யாரும் அதைப் பற்றிச் சொற்பொழிவு செய்வதில்லை. "கூறு ஒண்ணேகால், எடுங்க" என்பார்கள், அவ்வளவுதான்.

மொச்சைக்குக் கிளியூர் ஆராயிதான். நாற்பத்தைந்து வயசு, கறுத்த கெட்டியான உடம்பு, வெற்றிலை அடக்கிய கன்னம். எஞ்ஜினீயர் அவள் குவியலிலிருந்து பத்துக் காயை உரித்து, சட்டைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்துக் கொட்டைகளை அளந்தார்.

"என்னம்மா இது? ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. ஒரே சைஸா இல்லையே?"

"ஏனுங்க, என்ற வவுத்துல பொறந்த அஞ்சும் ஒரே சைஸா இல்லீங்க. செடி மட்டும் எப்படீங்க அளந்து பெக்கும்?"

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். எஞ்ஜினீயர் ஸ்கேலை உள்ளே வைத்தார்.

காமாட்சி குனிந்து மெல்லக் கேட்டாள்: "ஆராயி, நாளைக்குக் காலையில வந்து ஒரு கை பிதுக்கிக் குடுக்கறயா?"

"நாளைக்குப் பழமெடுக்கப் போகோணும் அம்மிணி. லேட்டானா கணக்கு எழுதற ரைட்டரு அரைநாள் கூலிய வெட்டிப்போடுவாரு. நீ கேட்ட சாமைய மட்டும் இன்னைக்குக் குத்தி வெச்சு, காலையில போற வழியில ஊட்டுல குடுத்துட்டுப் போறேன்."

மகளுக்கு ஓர் ஆழாக்கு மொச்சை போதும். இயந்திரத்துக்கு மூன்று படி வேண்டியிருந்தது. அன்று பகல் முழுக்கக் காமாட்சி இடது கையால் காய் உரித்து மூன்று படியையும் ஊறப்போட்டாள்.

திங்கள் காலை எட்டரைக்குத் திறப்புவிழா. தலைமை, கோவிந்தராஜ். அவர் மஃப்ளரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாந்தி ஏறும் பஸ் ஒன்பது மணிக்குச் சேலத்தில் புறப்படும், பத்தரைக்கு இங்கே. காமாட்சி விடியலிலேயே தேங்காயும் மல்லியும் பச்சை மிளகும் சின்ன வெங்காயமும் வதக்கி அரைத்து வைத்துவிட்டாள். பருப்பு மட்டும்தான் பாக்கி.

எஞ்ஜினீயர் உருளைகளுக்குத் தையல் மிஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். பிறகு மொச்சை ஊறிய அண்டாவைத் தூக்கினார்.

"ஏனுங்க" என்றாள் காமாட்சி, "ஒரே ஒரு ஆழாக்கு தனியா எடுத்து வெச்சுக்கறேனுங்க. இடது கையில மெதுவாப் பிதுக்கிக்குவேன்."

"உன் விரலுக்காகத்தானே இத்தனையும்! வீட்டுக்காரியே நம்பலைன்னா நாடு எப்படி நம்பும்?"

நாடு என்ற முறையில் கோவிந்தராஜ் தலையாட்டினார். மூன்று படியும் டின்னுக்குள் போயிற்று. எஞ்ஜினீயர் சக்கரத்தைச் சுற்றினார்.

முதல் கொட்டை கச்சிதமாகப் பிதுங்கியது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. வெள்ளைப் பச்சையாக, முழுசாக, தட்டில் விழுந்தது. எஞ்ஜினீயர் நிமிர்ந்து சபையைப் பார்த்தார். அந்த ஒரு விநாடி அவருடைய வாழ்க்கையில் மிக உயரமானதாக இருந்திருக்கும். கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடி.

இரண்டாவது கொட்டை கோவிந்தராஜின் மூக்குக்கண்ணாடியில் அடித்தது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது கூரை ஓட்டைப் போய்ச் சேர்ந்தன. சின்னக் கொட்டைகள் தோலோடு சறுக்கிக்கொண்டு போயின. பெரியவை உருளைக்கு நடுவில் சிக்கி நசுங்கின. அவர் வேகமாகச் சுற்றினார். வேகம் போதாததுதான் கோளாறு என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எட்டே நிமிஷம். வாக்குத் தவறவில்லை. எட்டாவது நிமிஷ முடிவில் டின் காலியாகி, தட்டில் தோலும் பருப்பும் கலந்த ஒரு களி இருந்தது. எண்ணெய் நாற்றம் மூக்கைத் துளைத்தது. களியில் மங்கலாக ஊதா நிறம் வேறு ஓடியது: அந்த உருளைகள் முப்பது வருஷம் அடித்துத் தள்ளிய கடிதங்களின் மை.

"முதல் முயற்சிதானுங்களே" என்று தலைவர் உரையாற்றி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கடையில் ஆளில்லை என்பது நினைவுக்கு வந்தவராக எழுந்து போனார்.

எஞ்ஜினீயர் குனிந்து உருளைகளைப் பார்த்தார். "இடைவெளி அரை மில்லிமீட்டர் கூடியிருக்கணும். இல்ல, குறைஞ்சிருக்கணும். அதாவது..."

காமாட்சி கத்தவில்லை. அடுப்படித் தரையில் உட்கார்ந்து வீங்கிய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ் பொறப்படற நேரமாச்சுங்க" என்றாள்.

இனிமேல் சந்தையையே தூக்கிவந்தாலும் பயனில்லை. ராத்திரி முழுக்க ஊறாத மொச்சை பிதுங்காது. தேவசிகாமணி முழுசாகத் தப்பிய பருப்பு ஏதாவது உண்டா என்று தட்டைக் கிளறிப் பார்த்தார்.

புழக்கடைப் பக்கம் சத்தம் கேட்டது. "அம்மிணீ, சாமை கொண்டாந்திருக்கறேன்." ஆராயி நிலைப்படியில் வந்து நின்றாள். தட்டைப் பார்த்தாள், பச்சை இயந்திரத்தைப் பார்த்தாள், பிறகு தலையைத் தூக்கிக் கூரையில் ஒட்டியிருந்த பருப்புகளை நிதானமாகப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஓட்டுக்கும் சேத்துக் கொழம்பு வெக்கறீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் முகம் மாறியது. அப்போதுதான் அவள் கைகளைக் காமாட்சி கவனித்தாள். பேசிக்கொண்டு நின்றவளின் இரண்டு கையும் சும்மா நிற்கவில்லை. இடுப்பில் ஈரத்துணி மூட்டை ஒன்று செருகியிருந்தது. அதற்குள் விரல் போகும், வரும். தோல் வாசலில் விழும். பருப்பு முன்மடியில் விழும்.

"அது என்ன, ஆராயி?"

"மொச்சைதான். நேத்து விக்காம நின்னுபோச்சு. ராத்திரி ஊறப்போட்டேன். நடக்கையில கை சும்மாதான அம்மிணி இருக்குது? கிளியூர்ல இருந்து ஏறி வர்றதுக்குள்ள பாதி ஆயிப்போச்சு. மீதி, பழம் நிறுக்கற வரிசையில நிக்கறப்ப. சாயங்காலம் ஊட்டுக்குப் போனதும் கொழம்பு."

இரண்டு மைல் செங்குத்து ஏற்றம். தலையில் சாமை மூட்டை. பனியில் வழுக்கும் பாறை. கிளியூரிலிருந்து அந்த நிலைப்படி வரை வழி நெடுக மொச்சைத் தோல் கிடந்தது. பிற்பாடு எஞ்ஜினீயரே போய்ப் பார்த்து வந்தார்.

காமாட்சிக்குக் கேட்க வாய் வரவில்லை. ஐந்து பிள்ளைகளின் சாயங்காலக் குழம்பு அது.

"புள்ளைக்கு எத்தன மாசம்?" என்றாள் ஆராயி.

"நாலு."

"எத்தன நாளாச் சோறு எறங்கல?"

"இன்னையோட இருவத்தொம்பது."

ஆராயி வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து, அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முன்மடியை அவிழ்த்துப் பித்தளைப் போசியில் கொட்டினாள். மூட்டையைப் பிரித்தாள்.

"எங்க ஊட்டுல இன்னைக்குக் கடுகுக்கீரை கடைஞ்சா வாய் வேண்டாம்னு சொல்லாது. நீ அடுப்பப் பத்த வை."

பிறகு நடந்ததை எழுதுவது கஷ்டம். போசியில் மழை பெய்தது, அவ்வளவுதான் சொல்ல முடிகிறது. இரண்டு கையிலும் ஒரே நேரத்தில். கொட்டை விரலுக்கு வருவதும், கட்டைவிரல் அதை ஒரு சுற்றுச் சுற்றிக் கண் இருக்கும் பக்கத்தைத் தேடிக்கொள்வதும், பிதுக்குவதும், தோல் ஒரு பக்கம் பருப்பு ஒரு பக்கம் போவதும் தனித்தனியாகத் தெரியவில்லை. அவள் கையைப் பார்க்கவேயில்லை. கூரையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், எஸ்டேட் ரைட்டரின் மீசையைப் பற்றி ஏதோ கதை சொன்னாள். நடுவில் திடீரென்று ஒரு கொட்டை மட்டும் தோலோடு வாசல் பக்கம் பறக்கும். எஞ்ஜினீயர் ஒன்றை எடுத்துப் பிளந்து பார்த்தார். உள்ளே புழு. இன்னொன்றை எடுத்துப் பார்த்தார். புழு. வெளியே ஓட்டை ஒன்றும் இல்லை. அந்தக் கொட்டை அவள் விரல்களுக்கு நடுவில் இருந்தது அரை விநாடி.

அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி எண்ணத் தொடங்கினார். முதல் நிமிஷம் நூற்றுப்பதினெட்டு. இரண்டாவது நிமிஷம் நூறுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. மூன்றாவது நிமிஷம் எண்ணவில்லை. நாற்பத்தொரு பாலம் கட்டியவர் தரையில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, வாயை லேசாகத் திறந்தபடி, ஓர் அருவியைப் பார்ப்பதுபோல் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெதுவாகக் கையை நீட்டி ஒரு கொட்டையை எடுத்துப் பிதுக்கினார். அது போய் அவர் சட்டைப்பைக்குள்ளேயே விழுந்தது.

"மெதுவாங்க, மெதுவா! அதென்ன திருப்புளியா, அந்த முறுக்கு முறுக்கறீங்க?"

"எந்த இடத்துல அழுத்தணும்?"

"அது அதுவே சொல்லுமுங்க. நீங்க கொஞ்சம் பேசாம இருந்தீங்கன்னாக் கேக்கும்."

அவர் பேசாமல் இருந்தார். பத்தில் மூன்று ஒழுங்காக விழுந்தது. காமாட்சி திரும்பிப் பார்த்துவிட்டு அடுப்பைக் கவனித்தாள். அரைத்த மசாலா கொதித்ததும் பருப்பைப் போட்டாள். பிதுக்கிய பருப்பு வேகப் பத்து நிமிஷம் போதும். தாளிப்பு வாசம் கூடத்துக்குப் போகாமல் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து வைத்தாள். குழம்பு கெட்டிப்பட்டு, ஓரத்தில் பச்சை மிளகு மிதந்தது. பக்கத்து அடுப்பில் சாமை குழைந்தது.

பத்தே முக்காலுக்குச் சாந்தி வந்தாள். மாப்பிள்ளை கையைப் பிடித்து நடத்திக் கூட்டிவந்தார். "இருபது வளைவுங்க மாமா" என்றார் அவர். "ஒண்ணு விடாம வாந்தி." அவள் கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிசாக இருந்தது. தேவசிகாமணி மகளுக்காகத் தயாரித்து வைத்திருந்த வரவேற்புரையில் இயந்திரம் ஒரு முக்கியப் பகுதி. அவர் அதைச் சொல்லவில்லை. ஓடிப்போய் ஓர் அலுமினிய வாளியை எடுத்துவந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டார்.

காமாட்சி வட்டிலில் இரண்டு பிடி சாமைச்சோறு வைத்து, அதன்மேல் ஒரு கரண்டி குழம்பை விட்டாள். ஆவி எழுந்தது. சாந்தி மூக்கை மூடவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாரும் காத்திருந்தார்கள். ஒரு விரலால் ஒரே ஒரு பருப்பை எடுத்து நாக்கில் வைத்தாள். தொண்டை அசைந்தது.

பிறகு ஒரு கவளம். பிறகு இன்னொன்று.

வட்டில் காலியாவதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. ஆனால் சாப்பிடுவதல்ல பிரச்சினை. உள்ளே போனது உள்ளே இருக்க வேண்டும். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும் என்றார் மாப்பிள்ளை தாழ்ந்த குரலில், அனுபவம் பேசியது. ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து ஆயிற்று. எஞ்ஜினீயர் ஒரு கையில் வாளியும் மறு கையில் கடிகாரமுமாக நின்றார்.

"அந்தக் கெடியாரத்த உள்ள வையுங்க" என்று கிசுகிசுத்தாள் ஆராயி. "வவுத்துக்கு அதெல்லாம் படிக்கத் தெரியாது." எஸ்டேட்டுக்குப் போக வேண்டியவள் இன்னும் போகவில்லை. நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். அவள் கைகள்கூடச் சும்மா இருந்தன.

இருபதாவது நிமிஷம் சாந்தியின் தோள் குலுங்கியது. கை வாய்க்குப் போயிற்று. எஞ்ஜினீயர் வாளியோடு பாய்ந்தார். காமாட்சி எழுந்தாள்.

வந்தது ஏப்பம்.

முழு ஏப்பம். சோறு சாப்பிட்டு, அது தங்கி, உடம்பு அதை ஏற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியாக அடிவயிற்றிலிருந்து எழுந்து வந்த ஏப்பம். சந்நிதியில் மணி அடிக்கும்போதுகூடத் தேவசிகாமணி இப்படிப் பயபக்தியோடு நின்று யாரும் பார்த்ததில்லை. அவர் கண்ணில் நீர் நிறைந்தது.

சாந்தி கண்ணைத் திறந்தாள். எல்லார் முகமும் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

"அம்மா, பசிக்குது. இன்னும் கொஞ்சம் இருக்குதா?"

காமாட்சி சட்டியை எடுக்க உள்ளே போனாள். எஞ்ஜினீயர் சத்தமில்லாமல் வாளியைக் கீழே வைத்தார்.